அசையாத பாதரசம்

காலையில் ஜம்புலிங்கம் உட்கார்ந்தால் குதிக்கிற பாதரசம், மதியம் ராஜாராம் உட்கார்ந்ததும் அடங்கிவிடுகிறது. நாலு நாளாக இதுதான் நடக்கிறது. இதை யாரிடமும் சொல்லி ஆற முடியாது. ராஜாராம் வேறு யாருமில்லை. ஜம்புலிங்கத்தின் ஒரே தங்கை வசந்தாவின் புருஷன். போன தை மாதம்தான் தாலி கட்டினான். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மேல் பொறாமை என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டின் மானம் என்ன ஆவது?

பொறாமை என்ற சொல்லை ஜம்புலிங்கம் தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டவர் அல்ல. வயிறு சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டார். மனைவி சின்னப்பொண்ணுவிடமும் அப்படித்தான் சொல்லி, நாலு நாளாக ராத்திரிக்கு வெறும் மோர்சோறு சாப்பிட்டார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குள், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது அந்த ஆராய்ச்சிக் கூடம். இரண்டு மாடி உயரத்துக்கு நேராக ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் பம்பு தண்ணீரை ஏற்றும். பக்கத்தில் கம்ப்ரசர் காற்றை ஊதும். தண்ணீரும் காற்றும் கலந்து குழாய்க்குள் ஏறும்போது, கீழே இருக்கிற அழுத்தத்துக்கும் மேலே இருக்கிற அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. பெரிய பெரிய கொதிகலன்களைக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

அதற்காகக் கண்ணாடிக் குழாயில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் விரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய் சுவரோரமாக இறங்கி, அளவுப் பலகைக்கு வரும். பலகையில் வளைந்த கண்ணாடிக்குள் பாதரசம். ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் வித்தியாசத்தைப் படித்து ரீடிங் புத்தகத்தில் எழுத வேண்டும். வெறும் தண்ணீர் போனால் பாதரசம் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கும். காற்று கலந்துவிட்டால் போதும், ஒரு முழம் காற்று, ஒரு முழம் தண்ணீர் என்று மாறி மாறி ஏற, பாதரசம் குதியாட்டம் போடும். ஜம்புலிங்கம் கண்ணிமைக்காமல் பார்த்து, உச்சியை ஒரு தடவை, அடியை ஒரு தடவை, இப்படி இருபது தடவை குறித்துச் சராசரி போடுவார். ஆறு வருஷமாக அந்தப் புத்தகத்தில் அவர் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

அவர் பிறந்த வீட்டுக்கு ஊரில் அளவுக்கார வீடு என்று பெயர். ஏரித் தண்ணீரைப் பங்கு பிரிப்பதில் சண்டை வந்தால், அந்த வீட்டு ஆண்பிள்ளை கோலை ஊன்றிச் சொல்கிற அளவுதான் முடிவு. அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவருடைய வாயிலிருந்து வந்த எண்ணை இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. பாலிடெக்னிக் படித்த ராஜாராமுக்கு இங்கே வேலை காலியிருக்கிறது என்று தகவல் கொண்டுபோனவரும் அவரேதான். காலையில் அவர் அளக்க, மதியம் மாப்பிள்ளை அளக்க என்று ஆனிமாதத்திலிருந்து முறை போட்டார்கள். அப்போதெல்லாம் மாப்பிள்ளைக்கும் பாதரசம் குதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து கூடம் திறந்த நாளிலிருந்து அடங்கிவிட்டது.

சனிக்கிழமை என்ஜினீயர் சுப்புராமன் இரண்டு பேரையும் மேஜைக்குக் கூப்பிட்டு, கட்டம் போட்ட தாளை விரித்தார்.

"ஜம்புலிங்கம், உங்க புள்ளியெல்லாம் பாருங்க. கொட்டின கடுகு மாதிரி சிதறிக் கிடக்கு. ராஜாராம் புள்ளியைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி போகுது."

"காத்து கலந்தா குதிக்கத்தான் சார் குதிக்கும்" என்றார் ஜம்புலிங்கம்.

"அதே காத்து, அதே தண்ணிதானே மத்தியானமும் ஓடுது? சரி, குதிக்கிறது போகட்டும். சராசரியே ஒத்துவரலையே. உங்களுதுக்கும் அவருதுக்கும் ஏறக்குறைய பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். எதை நம்புறது? நிலையா நிக்கிறதைத்தானே நம்பணும்?" சுப்புராமன் ராஜாராம் பக்கம் திரும்பினார். "என்ன செய்றீங்க, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல சார். பலகை கிட்ட ரெண்டு வால்வு இருக்குதுல்ல, ரெண்டையும் ஒரே மாதிரி கால் திருகு மூடி வெச்சேன். அதுலதான் அடங்குதுன்னு நெனைக்கிறேன்." அவன் மாமல்லபுரத்துச் சிற்பி போலத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான் என்று ஜம்புலிங்கத்துக்குத் தோன்றியது. உண்மையில் அவன் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தை மாசம் பெரிய குழாய் வருது. இதைப் போல மூணு மடங்கு" என்றார் சுப்புராமன். "அதுக்குப் பொறுப்பா ஒரே ஆள்தான். இந்த மாசக் கடைசியில நான் பேர் எழுதி அனுப்பணும். யார் ரீடிங் மேல போகுதோ அவங்க பேருதான் போகும்."

பேர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் பென்சில் முனை ராஜாராமின் புள்ளிகள் மேல் நின்றது.

வெளியே வந்ததும் பம்பு ஓட்டுகிற மாரி பிடித்துக்கொண்டான். கரையோரக் குப்பத்துக்காரன், ஜம்புலிங்கத்தைவிட இரண்டு வயது பெரியவன், வாயை அடக்கத் தெரியாதவன்.

"இன்னா மேஸ்திரி, மூஞ்சி ஊதிக்கீது? டிப்ளமா சாரு கை வெச்சா பாதரசம் பொட்டிப் பாம்பாட்டம் அடங்கிப்புடுதாமே?"

"மாப்ளைக்கு கை ராசி. உனக்கு இன்னா போச்சி?"

"எனக்கு இன்னா போவுது? ஒன் நாற்காலிதான் போவுது, அண்ணாத்த."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வசந்தாவுக்கு அது தலைதீபாவளி வருஷம். பெண் வீட்டார் தாம்பூலத் தட்டோடு போய் மாப்பிள்ளை வீட்டாரை முறைப்படி அழைக்க வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அப்பா. ஜம்புலிங்கமும் சின்னப்பொண்ணுவும் திருக்கழுக்குன்றத்துக்கு பஸ் ஏறினார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், மல்லிகைப்பூ, சர்க்கரை எல்லாம் குறைவில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். வயிற்றில் என்ன எரிந்தாலும் சீரில் குறை வைக்கிற வீடு அல்ல அது.

சம்பந்தி சடையப்பன் ஈசிசேரில் சாய்ந்தபடி, "வாங்க வாங்க" என்றார். தட்டைக் கையில் வாங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "இன்னா சம்பந்தி, எம்புள்ள கைக்கு பாதரசம் கூட அடங்குதாமே? ஆபீசர் சொன்னாராமே? நீங்க ஆறு வருசமா போராடிகினு இருந்தீங்களாம்!"

"ஆமாங்க" என்றார் ஜம்புலிங்கம். தட்டு கையிலேயே இருந்தது. பழத்தின் கனம் அப்போதுதான் தெரிந்தது.

"நைனா, அப்டிலாம் இல்ல" என்று ராஜாராம் குறுக்கே வந்தான். "மச்சான்தான் எனக்கு படிக்கக் கத்துக்குடுத்தாரு."

அவன் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசியது இன்னும் எரிந்தது. ஒரு திமிர் இருந்தாலாவது அதைச் சாக்காக வைத்துக் கோபப்படலாம். இவனிடம் அதுவும் இல்லை. உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த வசந்தாவின் முகம் அகல் ஏற்றியதுபோல இருந்தது.

"அண்ணா, புதுக் குழாய்க்கு அவருதானாம். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. சந்தோஷம்."

காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னப்பொண்ணு, "இன்னும் வயிறு சரியாவலயா?" என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, கூடத்தில் யாரும் வருவதற்கு முன்னால் ஜம்புலிங்கம் ஒரு காரியம் செய்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பலகையின் இரண்டு வால்வையும் கால் திருகு மூடினார். மாப்பிள்ளை செய்ததை அப்படியே. மாரி வந்து பம்பைப் போட்டான், காற்றுக் கலந்தது, பாதரசம் வழக்கம்போலக் குதித்தது. இன்னும் ஒரு நூல் மூடிப் பார்த்தார். குதித்தது. மானத்தை விட்டு மாப்பிள்ளையைக் காப்பியடித்தும் வரவில்லை.

கதவோரத்தில் பீடியும் கையுமாக மாரி நின்றிருந்தான். "மாப்ள வித்தைய பாக்கறியா மேஸ்திரி? அது கைல கீது, வால்வுல இல்ல."

"ஒன் வேலையப் பாத்துகினு போடா."

அன்றைக்கு மதியம் ராஜாராம் உட்கார்ந்தான். முக்கால் மணி நேரத்துக்குள் பாதரசம் அடங்கிவிட்டது. ஜம்புலிங்கம் தூரத்திலிருந்து பார்த்தார். கண்ணால் பார்த்ததை நம்பாமல் இருக்க முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. ஆறு வருஷம் அவர் பழகிய பாதரசம் அது. கலந்த காற்றுக்கு அது இப்படி நிற்காது. நிற்கிறதென்றால் அதற்குள் ஏதோ பொய் இருக்கிறது. யார் சொன்ன பொய் அது?

சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள். "மச்சான், வரலியா?" என்று ராஜாராம் கேட்டான். "நீங்க போங்க மாப்ள, எனக்குக் கொஞ்சம் வேலை கீது" என்று அனுப்பிவிட்டார். பம்பு நின்றிருந்தது. கம்ப்ரசர் நின்றிருந்தது. வெளியே இன்னும் நல்ல வெயில். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் அசையாமல் நின்றது. ஓட்டம் நின்றுவிட்டால் பலகையில் இரண்டு பக்கப் பாதரசமும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். சந்தை தராசில் தட்டு காலியாக இருந்தால் முள் நடுவில் நிற்பதுபோல. இங்கே காலையில் வேலை தொடங்கும்போது அதைப் பார்ப்பார்கள். முடிக்கும்போது பார்ப்பது வழக்கமில்லை.

ஜம்புலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பதினெட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தார். பல நாள் அடைத்திருந்த வயிறு அப்போது திறந்ததுபோல இருந்தது. காற்று! மேல் குழாய்க்குள் எங்கேயோ காற்று தங்கியிருக்கிறது. தண்ணீர் நிறைந்திருக்க வேண்டிய குழாயில் ஒரு சாண் காற்று உட்கார்ந்துவிட்டால், அந்தச் சாண் தண்ணீரின் எடை கணக்கில் குறையும், அளவு பொய்யாகும். அதோடு, பஞ்சுமூட்டை மேல் விழுகிற அடி உறைக்காததுபோல, குதிப்பெல்லாம் அந்தக் காற்றில் முட்டி மடிந்துவிடும். பாதரசம் சாதுவாக நிற்கும். கை ராசியாம், கை ராசி! தான் காலையில் குழாயில் தண்ணீர் விட்டுக் காற்றை எடுத்துவிட்டு உட்காருவதால் தன் அளவு குதிக்கிறது. குதித்தாலும் அதுதான் மெய். நேரம் ஆக ஆகக் காற்று சேர்ந்துகொள்ள, மதியம் மாப்பிள்ளைக்குப் பொய் நின்று கொடுக்கிறது.

ஆனால் காற்று எங்கே தங்கும்? மேல் துளையிலிருந்து பலகைவரை குழாய் ஒரே சரிவாகத்தான் இறங்கி வருகிறது. வழி தவறி ஒரு குமிழி உள்ளே வந்தாலும் தானாக மேலே ஏறித் திரும்பிப் போய்விடுமே. அவர் குழாயைக் கையால் தடவிக்கொண்டே சுவரோரமாக நடந்தார். பலகைக்கு இரண்டடி முன்னால், அலமாரித் தட்டில் சரஸ்வதி படம் இருந்தது. காய்ந்துபோன மாவிலைத் தோரணம் அதைச் சுற்றித் தொங்கியது. குழாய் அங்கே சட்டென்று மேலே ஏறியது. தோரணத்துக்குப் பின்னால் கையை விட்டார். குழாய் ஒரு ஆணியில் தூக்கிக் கட்டப்பட்டு, கூன் விழுந்ததுபோல வளைந்து, மறுபடி கீழே இறங்கியது.

கட்டியிருந்தது பழைய வேட்டிக் கரையில் கிழித்த துணி. பச்சைக் கரை. முடிச்சு இரட்டைச் சுற்று, உள்ளே ஒரு சொருகல். அது அளவுக்கார வீட்டு முடிச்சு.

ஆயுத பூஜை அன்றைக்கு மூத்தவர் என்று அவரைத்தான் பூஜை செய்யச் சொன்னார்கள். பம்புக்குச் சந்தனம், கம்ப்ரசருக்குக் குங்குமம், பலகைக்கு விபூதிப் பட்டை எல்லாம் அவர் கையால்தான். தட்டில் படத்தை வைத்துப் பார்த்தபோது, குழாய் சரஸ்வதியின் முகத்துக்குக் குறுக்கே போனது. தாயின் முகத்தில் கோடு கிழித்ததுபோல ஒரு குழாய் போகலாமா? அவரே ஸ்டூல் போட்டு ஏறி, குழாயைப் படத்துக்கு மேலே தூக்கிக் கட்டினார். வாழைக்கன்றுகளை மறுநாள் எடுத்துப் போட்டார்கள். படம் அங்கேயே இருக்கட்டும், நல்லதுதான் என்று சொன்னதும் அவர்தான். கட்டை அவிழ்க்க மறந்தவரும் அவர்தான்.

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சிறிது நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, படத்தை எடுத்து வாசல் பக்கத்து மாடத்தில் வைத்தார். முடிச்சை அவிழ்த்தார். குழாயைப் பழைய சரிவுக்கே அழுத்திவிட்டார். துணியைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு மதியம் எப்படி இருக்கிறதென்று ஒருதரம் பார்த்துவிட்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் பாதரசம் குதித்தது. கட்டவிழ்த்த கன்றுக்குட்டிபோலக் குதித்தது. ராஜாராம் வால்வைத் திருகினான், தளர்த்தினான், மறுபடி திருகினான். சட்டை முதுகில் ஒட்டியது. ஜம்புலிங்கம் டீ டம்ளரோடு கதவருகே நின்றார். அன்றைய டீக்கு ஒரு தனி ருசி இருந்தது. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. அவர் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

"சின்ன சாரே, இன்னாச்சி?" என்று மாரி கத்தினான். "ஒன் பாம்பு படமெடுக்குது!"

"தெரியல மாரி. நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சி."

சுப்புராமன் வந்து பார்த்தார். தாளைப் பார்த்தார், பாதரசத்தைப் பார்த்தார், ராஜாராமைப் பார்த்தார். "அஞ்சு நாள் ரீடிங்கை மேல அனுப்பலாம்னு கட்டி வெச்சிருக்கேன். என்ன இது? காரணம் கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குரலில் சூடு இருந்தது.

அன்று ராத்திரி ஜம்புலிங்கம் கத்தரிக்காய்க் குழம்போடு மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டார். "வயிறு சரியாய்டுச்சா?" என்று சின்னப்பொண்ணு கேட்டாள். "சரியாய்டுச்சி" என்றார். மாப்பிள்ளைக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியை அவள் கொண்டுவந்து காட்டினாள். நல்ல வேட்டி. அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீளவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரையும் என்ஜினீயர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜாராமின் கண் சிவந்திருந்தது. முந்தின நாள் கடைசி பஸ் வரைக்கும் இருந்து பார்த்தானாம். எதற்கோ வந்த மாரியும் போகாமல் கதவோரத்தில் நின்றுகொண்டான்.

"சார்" என்று ராஜாராம் ஆரம்பித்தான். "வெறும் தண்ணிய ஓட்டிப் பாத்தேன். பாடப் புத்தகத்துல கீற கணக்கோட மச்சானோட காலை ரீடிங்தான் ஒத்துப்போவுது. என்னுது அஞ்சு நாளும் தப்பு. யாரையும் கேக்காம வால்வுல கை வெச்சேன். ரெண்டும் ஒரே மாதிரி மூடலன்னு நெனைக்கிறேன். அதுல அளவு ஒரு பக்கமா சாஞ்சிருக்கணும். அஞ்சு நாள் மத்தியான ரீடிங்கையும் அடிச்சிடுங்க. தப்பு என்னுதுதான்."

ஜம்புலிங்கத்துக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. அவர் அளவுதான் மெய் என்று எதிராளியே சொல்லிவிட்டான். இனி நாற்காலி எங்கேயும் போகாது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

சுப்புராமன் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் இருந்த சூடு தணிந்திருந்தது.

"தப்பா அளக்கிறவங்களை நிறையப் பார்த்திருக்கேன், ராஜாராம். தப்புன்னு தானே வந்து சொல்றவனை இந்தப் பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்பத்தான் பார்க்கிறேன். அளவு மாறலாம், இந்த மனசு மாறக்கூடாது. பெரிய குழாய்க்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேணும். என்ன ஜம்புலிங்கம், உங்க மாப்பிள்ளை! பெருமைப்படணும் நீங்க."

"தங்கமான மன்சன் சார் அவுரு" என்றான் மாரி கதவோரத்திலிருந்து.

ஜம்புலிங்கத்தின் காது சுட்டது. நல்ல ரீடிங் எழுதினாலும் இவனுக்குப் பேர். கெட்ட ரீடிங் எழுதினாலும் இவனுக்கே பேர். சரி, அது தொலையட்டும். ஆனால் அந்தத் தப்பு யாருடையது? ஸ்டூல் போட்டு ஏறியவர் யார்? முடிச்சுப் போட்டவர் யார்? அவருடைய தப்பை, அவர் வீட்டு முடிச்சை, இவன் எடுத்துத் தலையில் சூடிக்கொண்டு மாலை வாங்குகிறான். இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டானே. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அது அவரு தப்பு இல்ல, சார்" என்றார். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "அந்தத் தப்பு என்னுது."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றீங்க?"

"ஆயுத பூஜைக்கு சாமி மூஞ்சிய மறைக்குதுன்னு மேல் குழாயத் தூக்கிக் கட்டினது நான். கட்டின எடத்துல காத்து தங்கிடுச்சி. அதனாலதான் மத்தியானத்துல பாதரசம் நின்னுச்சி. வால்வுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அவரு கை சுத்தம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். பாராட்டை எதிர்பார்த்தாரா என்று கேட்டால், ஒரு கண நேரம் எதிர்பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுப்புராமன் கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"முந்தாநேத்து சாயங்காலம்."

"இப்ப அந்தக் கட்டு எங்கே?"

"அன்னிக்கே அவுத்துட்டேன்."

"அப்ப நேத்து மத்தியானம் இவர் அங்க தவிச்சப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. அளவுக்கார வீட்டில் பிறந்தவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "டீ குடிச்சிகினு பாத்துகினு இருந்தேன்."

எப்போதும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற மாரி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அவன் ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று ஜம்புலிங்கத்துக்கு இருந்தது. ராஜாராம் அவர் முகத்தையே பார்த்தான். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பார். அவனுக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. அதுதான் தெரிந்தது அந்த முகத்தில்.

"ஏன் மச்சான்?" என்றான். "எங்கிட்ட சொல்லியிருந்தா அவுத்துட்டு ரெண்டு பேருமே திருப்பி எடுத்திருப்போமே?"

பதில் இருந்தது. அதை வாயால் சொன்னால் மாப்பிள்ளை முன்னால் மட்டுமல்ல, தன் முன்னாலேயே நிற்க முடியாது.

சுப்புராமன் எழுந்துவந்து குழாயை அதே ஆணியில் கட்டச் சொன்னார். ஜம்புலிங்கம் பையிலிருந்து அதே துணியை எடுத்துத் தன் கையாலேயே கட்டினார். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பாதரசம் அசையாமல் நின்றது. பம்பை நிறுத்தினார்கள், பதினெட்டு மில்லிமீட்டர். அவிழ்த்துக் காற்றெடுத்து மறுபடி ஓட்டினார்கள், குதித்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"அஞ்சு நாள் மத்தியான ரீடிங்கும் ரத்து" என்றார் சுப்புராமன். "காலை ரீடிங் மேல போகும், உங்க பேர்லயே, ஜம்புலிங்கம். அளந்தது சரியாத்தான் அளந்திருக்கீங்க. பெரிய குழாய்க்கு ராஜாராம். இந்தப் பலகை உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே சாயங்காலமும் மட்டம் பார்க்கணும், ரெண்டு பேரும். நடந்ததை ரீடிங் புத்தகத்தில எழுதிடுங்க. யார் எழுதுறீங்க?"

"நான்" என்றார் ஜம்புலிங்கம், மற்றவன் கை நீட்டுவதற்குள்.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினார். ஐந்து நாள் மதியப் பக்கங்களிலும் குறுக்காகச் சிவப்புக் கோடு போட்டார். பிறகு புதுப் பக்கத்தில், பூஜையின்போது மேல் குழாய் உயர்த்திக் கட்டப்பட்டதையும், காற்றுத் தங்கியதையும், மதிய அளவுகள் பொய்யானதையும், கட்டியவர் ஜம்புலிங்கம் என்பதையும், தெரிந்தபின் ஒரு நாள் முழுக்கத் தெரிவிக்கவில்லை என்பதையும் குண்டுகுண்டாக எழுதினார். கடைசி வரியை யாரும் எழுதச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். ஆறு வருஷக் கையெழுத்தில் அதுதான் அழுத்தமாக விழுந்தது.

ராஜாராம் பின்னால் நின்று படித்தான். "மச்சான், அந்தக் கடைசி வரி வேணாமே" என்றான் மெதுவாக. "வூட்லயும் யாருக்கும் சொல்ல வேணாம். வசந்தா மனசு ஒடிஞ்சிரும். தீபாவளிக்கு எப்பவும்போல வர்றோம்."

"வசந்தாகிட்ட நான் சொல்றேன் மாப்ள. ஒங்க நைனா கிட்டயும் சொல்றேன். எங்க வூட்டு சமாச்சாரம் இன்னொருத்தர் வாயால போவக்கூடாது."

ராஜாராம் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தான். "அப்ப நானும் ஒரு வரி எழுதறேன். அஞ்சு நாளா குழாய்ப் பக்கம் நானும்தான் திரும்பிப் பாக்கல. சாயங்காலம் மட்டமும் பாக்கல. அதையும் போட்டுட்டா சரியாப்போவும்."

ஜம்புலிங்கம் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மரியாதை குறையாமல், ஆனால் கை தளராமல்.

"வேணாம் மாப்ள. ஒங்களுக்குப் பெரிய குழாய் கீது. இந்தப் பக்கம் என்னுது."

மை காயும்வரை ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.